ஒரு கையில் தூக்கும் பெட்டி

செப்டம்பர் 3, புதன்

அப்பா இன்று சாப்பிடும்போது சொன்னார்: "ஆயுத பூசைக்குள்ள உன்ர கம்ப்யூட்டர வாங்கிப் போடோணும். லிஸ்ட்டு எழுதிக் குடு பாப்பா. பக்கத்துப் பட்டறை நாச்சிமுத்து பையன் வெச்சிருக்கறத விடப் பெருசா இருக்கோணும்."

"சரிங்ப்பா" என்றேன். அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள்.

பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியதற்கு அப்பா கொடுப்பதாகச் சொன்ன கேமிங் கம்ப்யூட்டர் இது. மே மாதம் உடுமலையில் பெரியம்மா வீட்டு வாசலில், எல்லோர் முன்னாலும் சொன்னார். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். குழாயை லேசாகத் திறந்து வைத்திருக்கிறேன். இந்த விளக்கு எரிந்தால் மட்டும்தான் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு வேண்டியது பெரிய பெட்டி. பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. எனக்கு வேண்டியது ஒரு கையில் தூக்கக்கூடிய சின்னப் பெட்டி. கம்ப்யூட்டர் வருமா வராதா என்பது எனக்குக் கவலை இல்லை. சின்னது வரவேண்டும். அதை அவரே கேட்டு வாங்கியதாக இருக்கவேண்டும்.


செப்டம்பர் 5, வெள்ளி

இரண்டு வருடமாக அம்மாவின் போனில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் மாட்டும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். எந்தத் திருகு எங்கே போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் லிஸ்ட் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் பேனா நிற்கிறது.

கேபினட் (வெளிப் பெட்டி): மேலே கைப்பிடி உள்ளது. நான்கு பக்கமும் இரும்புத் தகடு. கண்ணாடி வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு: கேமுக்கு உயிரே இதுதான். மூன்று விசிறி வைத்தது முப்பத்து நான்கு சென்டிமீட்டர். அந்தக் கேபினட்டில் முப்பத்திரண்டுக்கு மேல் நுழையாது. இரண்டு விசிறி வைத்தது போதும். பதினாறு ஜிபி இருக்கவேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரிய கார்டு கனமாக இருக்கும். தூக்கிக்கொண்டு நடந்தால் அது மாட்டியிருக்கும் இடமே பிய்ந்துவிடும்.

கூலர்: சூடு தணிக்கத் தண்ணீர் ஓடுவது வேண்டாம். ஆடினால் ஒழுகக்கூடும். மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் எதற்கு ஆடப்போகிறது என்று கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வது?

விசிறிகள்: சத்தமே வராதவை. அப்பாவுக்குத் தூக்கத்தில் சத்தம் கேட்டால் பிடிக்காது.

கண்ணாடி ஏன் வேண்டாம் என்று எனக்கே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் ஷோகேஸில் பொங்கலிலிருந்து கண்ணாடி கிடையாது. அம்மா அங்கே துணி கட்டி வைத்திருக்கிறாள். தூசி வராமல் இருக்க என்று வருபவர்களிடம் சொல்கிறாள்.


செப்டம்பர் 7, ஞாயிறு

லிஸ்ட் எழுதவில்லை. ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது. பஞ்சும் ஸ்பிரிட்டும் மருந்துக்கடையில் வாங்கி வந்தேன். கடைக்கார அக்கா, "உங்க வீட்டுல மாசம் ஒரு பாட்டில் ஆகுதே கண்ணு" என்றார். "ஸ்கூலுக்குங்" என்றேன்.


செப்டம்பர் 13, சனி

இன்று காந்திபுரம் போனோம். அம்மாவும் வந்தாள். இந்த வெயிலில் முழுக்கை ஜாக்கெட்.

கடை முதலாளி ரியாஸ் அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்க்கிறார். என் லிஸ்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இது ஆரு எழுதுனது சார்?"

"என்ர பொண்ணு" என்றார் அப்பா.

"பவர் சப்ளை வரைக்கும் சரியாப் போட்டிருக்குதுங்க பாப்பா. எங்கிட்ட வேலைக்கு வர்றவங்களே இதுல தப்புப் பண்ணுவாங்க." அப்பாவுக்குச் சந்தோஷம். அவர் சந்தோஷமாக இருக்கும்போதுதான் நான் அதிகம் கவனமாக இருக்கவேண்டும்.

லிஸ்டில் கேபினட் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அப்பா நான் கேட்பதை வாங்கித் தரமாட்டார். அவருக்குத் தோன்றுவதைத்தான் வாங்கித் தருவார். அதனால் ஷோரூம் நடுவில் இருந்த ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "அப்பா, இது வாங்கலாமுங்களா? இதுதான் எல்லாரும் வாங்கறாங்க" என்றேன். சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"எல்லாரும் வாங்கறதயே நாமளும் வாங்கறதுக்கு எதுக்குக் கோயமுத்தூரு வரோணும்?" என்றார். ரியாஸ் அண்ணனைப் பார்த்து, "இதுலயே ஒசத்தி எது?"

"ஒசத்தின்னா..." அவர் மேல் தட்டிலிருந்து அதை எடுத்தார். நான் வீடியோவில் பார்த்த அதே பெட்டி. கறுப்பு இரும்பு, மேலே தோல் சுற்றிய கைப்பிடி. "பாக்கச் சின்னது. ஆனா சின்னதுலதாங்க வெல ஜாஸ்தி. எல்லாத்தையும் இதுக்குள்ள அடக்கறதுதான் வேலையே."

"இத்துணூண்டா இருக்குது. நாச்சிமுத்து சிரிப்பான்."

"ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கற பெரிய பொட்டில ரெண்டு வாங்கற காசுங்க இது."

அப்பா பெட்டியைச் சுற்றி வந்தார். நான் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசையாகப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இதையே போடுங்க" என்றார் அப்பா.

அப்போது யாரும் எதிர்பார்க்காததை அம்மா செய்தாள். கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "கனமே இல்லீங்களே."

"வெறும் பொட்டிங்க அது. எல்லாம் மாட்டுனா ஏழரைக் கிலோ வரும்" என்றார் ரியாஸ் அண்ணன்.

"ஒரு கொடம் தண்ணி கூட இல்ல" என்றாள் அம்மா. அப்பா போனில் பேச வெளியே போயிருந்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கைப்பிடியைத் துடைத்தாள்.


செப்டம்பர் 18, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

மே மாதம் அம்மாவும் நானும் உடுமலைக்குப் போனோம். லீவுக்குப் போனதாகத்தான் பள்ளியில் சொன்னேன். அம்மாவின் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நாலு நாள் இருந்தோம். மூன்றாவது நாள் மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்துப் பெரியம்மாவிடம் அம்மா பேசினாள். "இனி அங்க போறதில்ல அக்கா. இங்கயே ஒரு மில்லுல சேந்துக்கறேன். பர்ணிகாவ இங்கயே ஸ்கூல்ல சேத்தீரலாம். அவளும் இருந்துட்டா போதும்." பெரியம்மா அழுதார். அம்மா அழவில்லை.

நான் தூங்கவில்லை. எல்லாம் கேட்டது.

நாலாம் நாள் அப்பா காரில் வந்தார். இனிப்பு, பழம், எனக்கு ஒரு வாட்ச். வாசலில் நின்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பாப்பா, உனக்கு அந்த கேமிங் கம்ப்யூட்டரு வேணுமின்னயில்ல? இருக்கறதுலயே ஒசந்தது வாங்கித் தர்றேன். வீட்டுக்குப் போலாம் வா." பெரியப்பா தரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டார் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "போலாமா கண்ணு?" என்றாள். நான் போகலாம் என்றால் வருவாள், வேண்டாம் என்றால் இருப்பாள். அது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கேட்டதெல்லாம் என் காதில் அப்படியே இருந்தது. இருந்தும், "போலாம்மா" என்றேன். அப்போது என் மனதில் இருந்தது ஒரு கிராபிக்ஸ் கார்டு.

அதனால்தான் கைப்பிடி. அடுத்த முறை அம்மா கிளம்பினால் இதற்காக நான் திரும்பி வரக்கூடாது. இது என்னோடு வந்துவிடவேண்டும்.


செப்டம்பர் 24, புதன்

காலாண்டுத் தேர்வில் கணக்கு சுமார்.

பொருட்கள் வந்துவிட்டன. ஏழு அட்டைப் பெட்டிகள். பூசை முடியும்வரை பிரிக்கக்கூடாது என்று அப்பா பீரோமேல் அடுக்கிவிட்டார். நல்ல மனநிலையில் இருக்கிறார். பத்து நாளாக வீட்டில் சத்தமே இல்லை. அம்மா இன்று அரைக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள்.

ஒருவேளை இனி ஒன்றும் நடக்காதோ என்று நினைத்தேன். மே மாதமும் இப்படித்தான் நினைத்தேன்.


அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

காலையில் எங்கள் தறிப்பட்டறையில் பூசை. பதினாறு தறிக்கும் மோட்டாருக்கும் அப்பாவே சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு அதே கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்து, "கம்ப்யூட்டருக்கு வெக்கோணும், எடு" என்றார்.

"பெட்டி மேல வெக்கலாமுங்ப்பா" என்றேன்.

"அட்டைக்கு ஆரு பொட்டு வெப்பாங்க? பொருளுக்கு வெக்கோணும்."

அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். கார்டின் மேல்மூடியில் வைத்தார், பரவாயில்லை. மதர்போர்டில் இரும்புப் பட்டைமேல் வைத்தார், பரவாயில்லை. கேபினட்டை அம்மாவிடம் தள்ளினார். அம்மா கைப்பிடியில் வைத்தாள். கடைசியில் பிராசசர். பிஸ்கட் அளவுதான் இருக்கும், ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் முழுக்கத் தங்கப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் எல்லாம் ஓடும். அதை விரல் படாமல் பிடிக்கவேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள்.

அப்பா அதைத் திருப்பித் தங்கப் பக்கத்தைப் பார்த்தார். "இதுதான் மூஞ்சி" என்றார்.

"அப்பா, அது..."

"என்ன?"

கிண்ணத்தைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். "ஒண்ணுமில்லீங்ப்பா. நல்லாருக்குது."

நட்டநடுவில் கட்டைவிரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

பூசையில் வைத்ததை நாளைக் காலைவரை தொடக்கூடாது. அப்பா பூசைப் பொருட்களுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறார். சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது.


அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

காலை ஏழரை மணிக்கு நல்ல நேரம் என்று நாச்சிமுத்து மாமாவையும் இன்னும் இரண்டு பேரையும் அப்பா வரச் சொல்லியிருந்தார். என்னைச் சுற்றி நின்றார்கள். பிராசசரைத் துப்பட்டாவுக்குள் மறைத்துத் துடைத்தேன். பொட்டு போய்விட்டது. பொடி புள்ளிகளுக்கு நடுவில் போயிருக்கும் என்று தெரியும். வேறு வழி இல்லை. மாட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. ஒரு திருகு உள்ளே விழுந்து, அதை எடுக்கப் பத்து நிமிடம்.

அப்பா சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"முதல் தடவ கொஞ்ச நேரம் ஆகுமுங்க" என்றேன். அது உண்மைதான். பத்து நிமிடம் காத்திருந்தார்கள்.

"என்ன ஈஸ்வரா, சாமி மலையேறிருச்சாட்ட இருக்குது" என்றார் நாச்சிமுத்து மாமா அப்பாவிடம். அப்பா என்னைப் பார்த்தார்.

"நாந்தாங்ப்பா தப்பா மாட்டீட்டேன். கழட்டி மாட்டறேன்."

கழற்றிப் பிராசசரை எடுத்ததும் மாமா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இதென்ன கண்ணு மஞ்சளா?"

கட்டைவிரலால் மறைத்தேன். "பேஸ்ட்டுங் மாமா. சூட்டுக்குப் போடறது."

அவர் குனிந்து மோந்து பார்த்தார். "பேஸ்ட்டா? மணக்குதே." நிமிர்ந்து சிரித்தார். "எஞ்சாமி, தறி மோட்டாருக்கு வெக்கறமாதிரி இதுக்கும் சந்தனத்த அப்பிப்போட்டயா ஈஸ்வரா? பழனிக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டையும் போட்டுட்டு வந்துரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறைக் கதவை ஒட்டி நகர்ந்து நின்றாள்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு வரிசையாகச் சுத்தம் செய்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும் பொருள். காயவைத்து மாட்டினேன். ஓடியது.

எவ்வளவு அழகாக ஓடியது என்று எழுதவேண்டும். கேமில் மழை பெய்யும் தெரு ஒன்று வந்தது. தேங்கிய தண்ணீரில் கடை விளக்குகள் தெரிந்தன. நான் நடந்தால் தண்ணீர் கலைந்தது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா நாச்சிமுத்து மாமாவோடு காரில் கிளம்பினார். செருப்புப் போடும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "எடுத்துக் குடுத்தது நீதானே சாந்தாமணி. எந்தப் பக்கம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? வந்து பேசிக்கறேன்."

அம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைக்க மறந்துவிட்டாள். சொல்லலாமா என்று பார்த்தேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

மணி பதினொன்று. கேட் திறக்கிறது.


அக்டோபர் 3, வெள்ளி

வீடு பெருக்கினேன். வளையல் துண்டு சோபாவுக்கு அடியில்கூட இருந்தது. நாலு முறை பெருக்கினேன். அம்மாவின் இடது மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது, மடங்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பக்கம் அவர் போகவே இல்லை.

அப்பா பட்டறைக்குப் போனதும் அம்மா சொன்னாள்: "நாளைக்கு ஏழு மணி உடுமலை பஸ்ஸு. அப்பா ஆறரைக்கெல்லாம் பட்டறைக்குப் போயிருவாரு." கொஞ்ச நேரம் கழித்து, "அதையும் எடுத்துக்கலாம் கண்ணு. ஏழரைக் கிலோதானே" என்றாள்.

அப்படியானால் அம்மாவுக்குக் கடையிலேயே தெரிந்திருக்கிறது.


அக்டோபர் 4, சனி

உடுமலை. பெரியம்மா வீடு.

துணிப்பை ஒன்று, என் புத்தகப்பை ஒன்று, சர்ட்டிபிகேட் பை ஒன்று. அம்மாவால் ஒன்றுதான் தூக்க முடிந்தது. என் இரண்டு கையும் போதவில்லை. மேசைமேல் இருந்ததைப் பார்த்தேன். வயரைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். புத்தகப்பையை விட்டுவிட்டு அதை எடுக்கலாமா என்று அம்மா கேட்டாள். நான் கதவைச் சாத்தினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். அம்மா இந்த முறை படிக்கட்டு என்று சொல்லவில்லை.


அக்டோபர் 7, செவ்வாய். காலை

குளியலறையில் இல்லை. பெரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காரின் பின்கதவைத் திறந்து கம்ப்யூட்டரை எடுத்தார். கைப்பிடியைப் பிடித்து ஒரே கையில் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தார். என் கைக்கு முடியுமா, அம்மா கைக்கு முடியுமா என்றெல்லாம் அந்தக் கடையில் யோசித்தேன். அவர் கையை யோசிக்கவே இல்லை.

துவைக்கும் கல்மேல் வைத்தார். "உன்ர பொட்டிய விட்டுட்டு வந்துட்டயே பாப்பா. மானிட்டரு கார்ல இருக்குது. வேணும்னா அந்தக் கார்டக்கூட இன்னும் ஒசத்தியா மாத்திக்கலாம். அம்மாளக் கூட்டிட்டு வா, போலாம்."

மே மாதம் போலவே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதில்மேல் அதே பக்கத்து வீட்டு ஆட்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் மாவுக்கட்டுக் கை. அவள் இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பெட்டியைப் பார்த்தேன். விசிறி வழியாக உள்ளே கார்டின் ஓரம் தெரிந்தது.

"வேண்டாங்ப்பா."

"என்ன வேண்டா?"

"பொட்டி வேண்டாங். நாங்க வர்லீங்."

"நான் உங்கம்மாகிட்டப் பேசிக்கறேன்."

"நான் கேட்டேங்ப்பா" என்றேன். "மே மாசமே அம்மா வர்லீன்னு சொன்னத நான் கேட்டேன். நாந்தான் கூட்டிட்டு வந்தேன். இப்ப நானும் வர்லீங்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார், விஜயதசமி அன்று சிரித்ததுபோல. பெரியப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பெரியம்மா மறுபக்கம் நின்றார். மதில்மேல் இருந்த ஆள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். சிரிப்பு நின்றது.

அப்பா திரும்பக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். காரில் வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். அம்மா வைத்த குங்குமம் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். கார் போய்விட்டது.

திரும்பி வருவார். பெரியப்பா வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறார்.

நான் அழுதேன். பெரியம்மா அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார். அந்தக் கார்டை ஒரே ஒரு நாள்தான் ஓட்டினேன். அதற்குத்தான் அழுதேன்.

இப்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கையால் அவரைக்காயை உரிக்கப் பார்க்கிறாள். முடியவில்லை. "என்ன கண்ணு எழுதற, லிஸ்ட்டா?" என்றாள்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று திருப்பினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கிழிக்கவில்லை.

"இரும்மா" என்றேன். "இந்த வரிய முடிச்சிட்டுத் தர்றேன்."